மேல்வரிசைக்கு எட்டாத கை

அத்தியாயம் 11

கம்பெனி கொடுத்த தொண்ணூறு நாள் விடுப்பு அந்த வெள்ளிக்கிழமையோடு முடிந்தது.

ஆரம்பத்திலிருந்து கூடவே வருகிறவர்களுக்குச் செங்கமலத்தின் தோள் புதிய விஷயமில்லை. இந்த வாரம்தான் உள்ளே வருகிறவர்கள் இவ்வளவு தெரிந்துகொண்டால் போதும். மண்ணூர்க்காரி. வயது நாற்பத்தொன்று. ஒரகடத்தில் கார்களுக்கான வயர்களைக் கட்டாகச் சேர்த்துத் தரும் ஒரு கம்பெனியில் ஒன்பது வருடமாகக் கான்ட்ராக்ட் வேலை. ஆளுயரப் பலகையில் வயர்களைப் படரவிட்டு, டேப் சுற்றி, கட்டைவிரலால் கிளிப்களை அழுத்த வேண்டும். செங்கமலம் குள்ளம். பலகையின் மேல்வரிசைக் கிளிப்கள் அவள் தலைக்கு மேலே இருந்தன. ஒரு ஷிஃப்டில் நானூறு தடவை வலது கை அங்கே போய் வந்தது.

எட்டு மாதத்துக்கு முன்பு ஒரு நாள் அந்தக் கை போக மறுத்தது.

ஐந்து மாதம் மாத்திரை போட்டு ஓட்டினாள். பிறகு ஜாக்கெட்டில் கை நுழைக்கக்கூட முடியாமல் போய் விடுப்பு எழுதிக் கொடுத்தாள். தொண்ணூறாவது நாள் வந்து வேலை செய்து காட்டினால் வேலை உண்டு. இல்லையென்றால் பட்டியலில் பேர் இருக்காது.

இன்று தொண்ணூறாவது நாள்.

காலை ஆறே முக்காலுக்கெல்லாம் சுங்குவார்சத்திரம் பஸ் ஸ்டாப்புக்கு எதிரே, மெடிக்கல் ஷாப் மாடியில் இருந்த பிசியோதெரபி அறையைச் செல்வலட்சுமி அவளுக்காகவே திறந்து வைத்திருந்தாள். வள்ளியூர்ப் பக்கத்துப் பெண். முப்பது வயது இருக்கும். நான்கு வருடமாக இங்கே இருந்தும் ஊர்ப் பேச்சு போகவில்லை.

சூடான ஒத்தடப் பையைத் தோளிலிருந்து எடுத்துவிட்டு, செங்கமலத்தைக் கட்டிலில் மல்லாக்கப் படுக்க வைத்தாள். ஒரு கை தோள்மூட்டைப் பிடித்தது. இன்னொரு கை முழங்கையைத் தாங்கி, மெதுவாக மேலே கொண்டுபோனது.

"மூச்ச வெளிய விடுங்கக்கா. புடிச்சு வைக்காதீங்க."

வலி வந்தது. ஆனால் பழைய வலி இல்லை. பத்து வாரத்துக்கு முன்பு இதே கட்டிலில் அந்தக் கையைத் தொட்டாலே செங்கமலம் பல்லைக் கடித்துக்கொண்டு சுவரைப் பார்ப்பாள். இப்போது வருவது இழுபடும் வலி. எங்கே வந்து நிற்கும் என்று அவளுக்கே தெரிந்திருந்தது.

செல்வலட்சுமி கோணம் பார்க்கும் பிளாஸ்டிக் அளவுகோலைத் தோளோடு வைத்துப் பார்த்தாள்.

"நூத்தி நாப்பத்தஞ்சு. மொத நாளு எழுவது இருந்துச்சு. நெனப்பிருக்கா?"

"நல்லா கீது. அன்னிக்கு உன்ன மனசுக்குள்ள திட்டிக்கினே படுத்துனு இருந்தேன்."

செல்வலட்சுமி சிரித்தாள்.

பத்து வாரமாக ஒரு நாள் விடாமல் செய்தாள் செங்கமலம். குனிந்து நின்று கையைத் தொங்கவிட்டு வட்டமாக ஆட்டுவது. சுவரில் விரல்களை ஒவ்வொன்றாக ஏற்றுவது. கதவு மேல் கயிறு போட்டு இடது கையால் இழுத்து வலது கையை உயர்த்துவது. வலிக்கிறதே என்று அசைக்காமல் வைத்ததில் மூட்டைச் சுற்றியிருந்த உறை இறுகிப் போனது, இறுகினதால் இன்னும் வலித்தது என்று செல்வலட்சுமி முதல் வாரமே சொல்லியிருந்தாள். மாத்திரை கொடுத்த யாரும் அதை அவளுக்குச் சொல்லவில்லை. போன ஞாயிற்றுக்கிழமை முதல்தடவையாக வலது பக்கம் ஒருக்களித்துத் தூங்கினாள். தன் தலையைத் தானே வாரிக்கொண்டாள். எட்டு மாதத்தில் அது ஒன்றுதான் அவள் வீட்டில் நடந்த நல்ல காரியம்.

எழுந்து உட்கார்ந்து கேட்டாள்.

"இன்னிக்கு தூக்கிக் காட்டச் சொன்னா தூக்கிடுவேன் இல்ல?"

"தூக்கிருவீங்க. பத்து தடவ வேணாலும் தூக்குவீங்க. அதுக்கு மேல தெம்பு பத்தாதுக்கா." செல்வலட்சுமி பக்கத்தில் உட்கார்ந்தாள். "மூட்டு தொறந்துருச்சு. ஆனா அதத் தூக்குற தசை இத்தன மாசமா சரியா அசையாம மெலிஞ்சு போச்சு. இனிமத்தான் அதுக்குப் பலம் ஏத்தணும்."

"எவ்ளோ நாள் ஆவும்?"

"மூணு மாசம். உங்களுக்குச் சுகர் இருக்கதால நாலும் ஆவலாம்."

"எனக்கு இன்னியோட முடியுது டாக்டரம்மா."

செங்கமலம் பையிலிருந்து ஒரு மாத்திரை அட்டையை எடுத்து நீட்டினாள்.

"அவரு வாங்கிக் குடுத்தாரு. ரெண்டு போட்டுக்கினா நாலு மணி நேரம் வலியே தெரியாதாம்."

செல்வலட்சுமி அட்டையைத் திருப்பிப் பார்த்தாள்.

"வலி தெரியாதுதான். உள்ள கிழிஞ்சாலும் தெரியாது. அப்புறம் நம்ம இவ்வளவு நாள் பண்ணது எல்லாம் போயிரும். போடாதீங்க, நாஞ் சொல்லுதேன்."

"சரி, நாலு மாசத்துல நல்லாயிடுது. திரும்ப அதே போர்டுல போயி நின்னா?"

"காலுக்கு அடியில அரையடி ஒசரத்துக்கு ஒரு பலகை போட்டுத் தரச் சொல்லுங்கக்கா. கை தலைக்கு மேல போவ வேண்டாம். அது போதும்."

"மூணு வருசத்துக்கு முன்னாலயே கேட்டேன். தடுக்கி வுழுந்தா யாரு பொறுப்புன்னுட்டாங்க."

கீழே நெடுஞ்சாலையில் கம்பெனி பஸ்கள் ஒன்றன் பின் ஒன்றாக நின்று ஆள் ஏற்றிக்கொண்டிருந்தன. இதே தோளோடு மாதத்துக்கு ஏழெட்டுப் பெண்கள் அந்த மாடிப்படி ஏறுகிறார்கள். பாதிப் பேர் நாலாவது வாரம் வலி குறைந்ததும் லைனுக்குப் போய்விடுவார்கள். ஆறு மாதம் கழித்து இன்னும் மோசமாகத் திரும்பி வருவார்கள். செங்கமலம் ஒருத்திதான் பத்து வாரம் முழுக்க வந்தவள்.

செல்வலட்சுமி லெட்டர்பேடை எடுத்து எழுதினாள். இன்னும் பதினாறு வாரத்துக்குத் தோளுக்கு மேல் கை தூக்கும் வேலை கொடுக்கக் கூடாது, இடுப்பு உயரத்தில் செய்யும் வேலை கொடுக்கலாம் என்று எழுதி, கையெழுத்துப் போட்டு, சீல் வைத்தாள்.

"இத கம்பெனி டாக்டர்ட்ட குடுங்க. மனசு இருந்தா புரிஞ்சுக்கிடுவாரு."

அதைச் சொல்லும்போது அவள் செங்கமலத்தின் முகத்தைப் பார்க்கவில்லை.

*

செங்கமலத்தின் கணவன் ரகுபதி ஓட்டுவது இன்னொரு கம்பெனியின் ஆட்களை ஏற்றி இறக்கும் வேன். சுங்குவார்சத்திரத்தில் ஏறியவர்களை எட்டேகாலுக்கு ஒரகடத்தில் இறக்கிவிட்டு, வண்டியை ஒரு வேப்பமரத்தடியில் நிறுத்தினான். வேனில் அவனும் செங்கமலமும் மட்டும் இருந்தார்கள். டெஸ்ட் ஒன்பது மணிக்கு.

"நாஸ்டா துன்னுறியா? இட்லி வாங்கியாரட்டா?"

"வாணாம்."

"மாத்திர போட்டியா?"

"இல்ல."

"ஏன்?"

"டாக்டரம்மா வாணான்னுச்சு."

"அந்தம்மாவா உன் எடத்துல போயி நிக்கப் போவுது?"

சொன்ன பிறகு அவனுக்கே கஷ்டமாக இருந்தது. ஸ்டியரிங்கில் கை வைத்தபடி ரோட்டைப் பார்த்தான்.

ரகுபதி அந்த வாரம் முழுக்க அவளிடம் ஒரு விஷயத்தை மறைத்து வைத்திருந்தான். போன ஞாயிற்றுக்கிழமை அவன் வண்டி கழுவிக்கொண்டிருந்தபோது மகள் ரஞ்சனி வந்து நின்றாள். தண்டலத்தில் இருக்கும் காலேஜில் இரண்டாம் வருடம் பி.எஸ்ஸி. படிக்கிறாள். ஒரே பெண்.

"அம்மாவால முடியலன்னா அந்த எடத்துக்கு நான் போறேன்ப்பா. கன்னியப்பண்ணன் கிட்ட சொல்லி வெய்யி. அம்மாவுக்கு இப்போ சொல்லாத. பாஸ் ஆயிட்டா அதுக்குத் தெரியவே வாணாம்."

அவன் வேண்டாம் என்று சொல்லியிருக்க வேண்டும். ஒரு சம்பளத்தில் மூன்று மாதம் ஓட்டினவனுக்கு அந்த வார்த்தை வரவில்லை. திங்கட்கிழமை சூப்பர்வைசர் கன்னியப்பனைப் பார்த்து, ரஞ்சனியின் ஆதார் நகலும் இரண்டு போட்டோவும் கொடுத்து, ஃபாரத்தைத் தன் கையாலேயே நிரப்பினான். நிரப்பிவிட்டு நேராக மெடிக்கல் ஷாப்புக்குப் போய் அந்த மாத்திரை அட்டையை வாங்கினான். செங்கமலம் எப்படியாவது பாஸாகிவிட்டால் அந்த ஃபாரத்தைக் கிழித்துப் போட்டுவிடலாம். அவன் கணக்கு அவ்வளவுதான்.

இப்போது சொல்லிவிடலாமா என்று நினைத்தான்.

"பயமா கீதா?" என்று மட்டும் கேட்டான்.

"பயம் இன்னா பயம். முடிஞ்சா முடியுது, இல்லன்னா இல்ல." செங்கமலம் புடவை முந்தானையை இழுத்துச் செருகினாள். "என் கை போனாலும் போவட்டுங்க. நம்ம பொண்ணு மட்டும் அந்தப் பக்கம் தலைவெச்சிப் படுக்கக் கூடாது. அதுக்குத்தான் இம்மா நாளு அந்த போர்டுல நின்னேன்."

ரகுபதி கை நீட்டி வேன் கதவைத் திறந்துவிட்டான்.

அவள் இடது கையால் கம்பியைப் பிடித்து இறங்கி, கேட்டை நோக்கி நடந்தாள். அவன் அடுத்த ட்ரிப்புக்கு நேரமாகிவிட்டது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு வண்டியைக் கிளப்பினான்.

*

கம்பெனி மெடிக்கல் ரூமில் வாரத்துக்கு இரண்டு நாள் வரும் டாக்டர் இளைஞன். பொறுமையாகத்தான் பார்த்தான். கையை முன்னால் தூக்கச் சொன்னான், பக்கவாட்டில் தூக்கச் சொன்னான், முதுகுக்குப் பின்னால் கொண்டுபோகச் சொன்னான்.

"நல்லா வந்திருக்கே. எங்க பார்த்தீங்க?"

செங்கமலம் சொன்னாள். பிறகு கடிதத்தைக் கொடுத்தாள்.

அவன் இரண்டு தடவை படித்தான். கதவுப் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்திக்கொண்டான்.

"இது சரியாத்தான் எழுதியிருக்காங்க. ஆனா இத ஃபைல்ல வெச்சா நான் ஃபிட்னு எழுத முடியாது. எழுதலன்னா உங்கள ட்ரையலுக்கே விடமாட்டாங்க. இத நீங்களே வெச்சுக்கிறீங்களா?"

"கீழ எங்கனா லைட்டா வேல குடுக்க மாட்டாங்களா சார்? பேக்கிங் மாதிரி?"

"அது என் கையில இல்லம்மா."

கடிதம் மேசை மேல் கிடந்தது. அதை எடுக்க ஒரு நிமிடம் ஆனது அவளுக்கு. எடுத்து, நான்காக மடித்து, பர்ஸில் வைத்தாள். டாக்டர் ஃபாரத்தில் ஃபிட் என்று எழுதினான். அந்த அறையை விட்டு வெளியே வந்தபோது, தன் தோளுக்காகப் பேசிய ஒரே ஆளின் வாயைத் தானே பொத்திவிட்டது போல இருந்தது.

ட்ரெய்னிங் ஹால் கடைசியில் சோதனைப் பலகை இருந்தது. கான்ட்ராக்டரின் சூப்பர்வைசர் கன்னியப்பன் கையில் போனோடு நின்றிருந்தான். பக்கத்து ஊர்க்காரன். செங்கமலத்தை அக்கா என்றுதான் கூப்பிடுவான்.

"அரை மணி நேரம்க்கா. சாதாரணமா லைன்ல பண்றா மாதிரி பண்ணு. அவசரம் ஒண்ணும் இல்ல."

அவள் தொடங்கினாள்.

முதல் பத்து நிமிடம் கை எதையும் மறக்கவில்லை. வயர் ஓடியது. டேப் சுற்றியது. மேல்வரிசைக் கிளிப் டக் டக் என்று உட்கார்ந்தது. ட்ரெய்னிங்குக்கு வந்திருந்த சின்னப் பெண்கள் அவள் வேகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கன்னியப்பன் முகத்தில்கூட ஒரு சந்தோஷம் வந்து போனது. ஒன்பது வருடம் அவளை வேகமான ஆள் என்றுதான் எல்லோரும் சொல்வார்கள்.

பதினாலாவது நிமிடம் தோள் காதை நோக்கி ஏறத் தொடங்கியது. தசை சோர்ந்தால் அப்படித்தான் ஏறும், உடனே நிறுத்திவிட வேண்டும் என்று செல்வலட்சுமி எத்தனையோ தடவை சொல்லியிருந்தாள். செங்கமலம் நிறுத்தவில்லை. குதிகாலைத் தூக்கி நுனிக்காலில் நின்றாள்.

பதினெட்டாவது நிமிடம் கட்டைவிரல் அழுத்த மறுத்தது. இரண்டு தடவை அழுத்தி உட்கார வைத்தாள்.

இருபத்தொன்றில் வலது முழங்கையை இடது கையால் தாங்கிக்கொண்டாள். கன்னியப்பன் போனைப் பார்ப்பது போல் தலையைக் குனிந்துகொண்டான்.

இருபத்து மூன்றாவது நிமிடம் கிளிப் விரலிலிருந்து நழுவிக் கீழே விழுந்தது. குனிந்து எடுத்தாள். கையை மேலே கொண்டுபோனாள். மோவாய் வரைக்கும் போனது. அதற்கு மேல் போகவில்லை. இன்னொரு தடவை முயன்றாள். உடம்புதான் பின்னால் சாய்ந்தது, கை அங்கேயே நின்றது.

"போதும்க்கா" என்றான் கன்னியப்பன். "போதும், வந்து குந்து."

தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தான். அவளால் டம்ளரை வலது கையில் வாங்க முடியவில்லை.

"எனக்கு நாலு மாசம் குடு கன்னியப்பா. மூணு மாசத்துல இவ்ளோ வந்துக்கீது. நாலு மாசத்துல முழுசா வந்துடும்."

"என் கைல ஒண்ணியும் இல்லக்கா. சாயங்காலத்துக்குள்ள ரிப்போர்ட் போவணும்."

அவன் ஒரு காகிதத்தை அவள் முன்னால் வைத்து, கையில் பேனாவைக் கொடுத்தான். சொந்தக் காரணத்தால், சொந்த விருப்பத்தின் பேரில் வேலையை விடுவதாக அதில் அச்சடித்திருந்தது. அவள் பேர் எழுத இடம் காலியாக இருந்தது.

"என் விருப்பம் இல்லியே இது."

"எல்லாருக்கும் இதே பேப்பர்தாங்க்கா." அவன் அவளைத் தேற்ற நினைத்தே அடுத்ததைச் சொன்னான். "நீ கவலப்படாத. எடம் வெளிய போவல. உங்க வூட்டுக்கேதான் வருது. திங்கக்கெழம ஏழே முக்காலுக்கு ரஞ்சனிய கேட்டாண்ட நிக்கச் சொல்லு."

"எந்த ரஞ்சனி?"

கன்னியப்பன் விழித்தான்.

"உன் பொண்ணுதாங்க்கா. உனக்குத் தெரியாதா?"

அவன் ஃபைலைத் திறந்து காட்டினான். காலேஜில் சேர்வதற்காக எடுத்த போட்டோ அது. ரஞ்சனி நீலத் துப்பட்டாவை ஒழுங்காகப் போட்டுக்கொண்டு, சிரிக்கலாமா வேண்டாமா என்று தெரியாமல் பார்த்துக்கொண்டிருந்தாள். ஃபாரம் முழுக்கச் சாய்ந்து சாய்ந்து போகும் எழுத்து. இருபத்திரண்டு வருடமாக அவளுக்குத் தெரிந்த எழுத்து.

உயரம் என்ற கட்டத்தில் நாலடி பதினொன்று என்று ரகுபதி எழுதியிருந்தான். செங்கமலத்தின் உயரமும் அதுதான்.

அவள் பேனாவைக் கீழே வைத்தாள்.

"போடலன்னாலும் இன்னியோட பேர எடுத்துடுவாங்கக்கா. போட்டாதான் அந்த எடம் பொண்ணுக்கு வரும்."

"அதனாலதான் போடல" என்று சொல்லிவிட்டு எழுந்தாள்.

*

மண்ணூர் வந்து சேர மணி இரண்டாகிவிட்டது. ஷேர் ஆட்டோவில் ஒவ்வொரு பள்ளத்துக்கும் தோள் துடித்தது. ரகுபதி ஏழு தடவை போன் செய்தான். அவள் எடுக்கவில்லை.

மூன்றரைக்கு அவனே வந்தான். வேனைத் தெருவில் நிறுத்திவிட்டு உள்ளே வந்தவன், அவள் உட்கார்ந்திருந்த விதத்தைப் பார்த்ததும் வாசற்படியிலேயே நின்றான்.

"நீங்கதான் எழுதினீங்களா?"

"ஆமா."

"காலைல வண்டில நான் அவ்ளோ சொன்னேனே. அப்பக்கூட வாயத் தொறக்கலியே நீங்க."

"சொல்லத்தான் பாத்தேன் கமலம்."

"பொண்ணு கேட்டாளா, நீங்க கேட்டீங்களா?"

"அவதான் வந்து கேட்டா. நான் வாணான்னு சொல்லல." அவன் சுவரோரமாக உட்கார்ந்தான். "மாத்திர போட்டுக்கினு பாஸ் பண்ணிடுவன்னு நெனச்சேன். வேற இன்னா பண்றதுன்னு எனக்குத் தெரியல."

அவள் வலது கையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டாள். சத்தம் போட்டிருந்தால் அவனுக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

நாலேகாலுக்கு ரஞ்சனி வந்தாள். தோளில் பை, கழுத்தில் காலேஜ் அடையாள அட்டை. இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்ததுமே அவளுக்கு விஷயம் விளங்கிவிட்டது. பையை இறக்கி வைத்தாள்.

"கை ரொம்ப வலிக்குதாம்மா?"

"கைய வுடு. திங்கக்கெழம எங்க போற நீ?"

"வேலைக்கு."

"படிப்பு?"

"படிச்சி இன்னா ஆவப் போவுது? உன் பக்கத்து போர்டுல எம்.எஸ்ஸி. முடிச்ச பொண்ணு நிக்குதுன்னு நீதான சொன்ன. அது படிச்சிட்டு வந்து நிக்குது, நான் படிக்காம போயி நிக்கறேன். ரெண்டும் ஒரே போர்டுதான்."

"நீ அந்த எடத்துல நிக்க மாட்ட. நான் கையெழுத்து போடல."

"போடலன்னா வேற கம்பெனில வேற போர்டு. ஒரகடத்துல போர்டுக்கா பஞ்சம்?"

"ரஞ்சனி, கம்முனு இரு" என்றான் ரகுபதி.

அவள் கம்மென்று இருக்கவில்லை. அவள் குரலில் கோபம்கூட இல்லை. களைப்பாகத்தான் பேசினாள்.

"இன்னா ஆயிடும்? உன் கை மாதிரி என் கையும் ஆவும். ஆவட்டும். அப்பால ரெண்டு பேரும் சேந்தே செல்வலட்சுமிக்கா கிட்ட போலாம்."

செங்கமலம் எழுந்ததை ரகுபதி பார்த்தான். எந்தக் கை என்று அவள் யோசிக்கவில்லை. வலது கை பக்கவாட்டிலிருந்து கிளம்பி, தோளைத் தாண்டி, தலையைத் தாண்டி, காலையில் செல்வலட்சுமி அளந்த இடத்தையும் தாண்டி மேலே போனது. மகள் கன்னத்தில் இறங்கியது.

பிறந்ததிலிருந்து அவளை ஒரு தடவைகூட அடித்ததில்லை.

மேலே போகும்போது வலி தெரியவில்லை. கீழே வந்த பிறகுதான் வந்தது. தோளிலிருந்து விரல் நுனி வரைக்கும் இழுத்துப் பிடித்தது. இடது கையால் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டு செங்கமலம் அப்படியே தரையில் உட்கார்ந்தாள்.

ரஞ்சனி கன்னத்தைத் தொடவில்லை. அம்மாவின் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"மேல போச்சும்மா" என்றாள். "முழுசா மேல போச்சு."

அந்த வீட்டில் பத்து வாரமாக மூன்று பேரும் எதிர்பார்த்துக் காத்திருந்த விஷயம் அது. மூன்று பேரில் ஒருவருக்கும் சந்தோஷமில்லை.

ரகுபதிதான் முதலில் பேசினான்.

"போதும், எல்லாத்தியும் வுடுங்க. நான் கன்னியப்பன் கிட்ட பேசி அந்த ஃபாரத்த வாங்கியாந்துடறேன். நீ எப்பவும் போல காலேஜுக்குப் போ. எப்பிடியாவது ஓட்டிக்கலாம்."

"காலேஜுக்குப் போவ முடியாதுப்பா."

"ஏன் முடியாது? நான்தான் சொல்றேன் இல்ல."

"நான் காலேஜுக்குப் போயி ஒரு மாசத்துக்கு மேல ஆவுது."

ரகுபதி புரியாமல் மனைவியைப் பார்த்தான். அவனுக்குத் தெரியாதது அவளுக்கு ஏதாவது தெரிந்திருக்குமோ என்று அந்தப் பார்வை கேட்டது. அவளுக்கும் தெரிந்திருக்கவில்லை. விடுப்பில் இருந்த இந்த மூன்று மாதமும் மகளோடு ஸ்டாப் வரை நடந்துபோய், டிபன் பாக்ஸைக் கையில் கொடுத்து, பஸ் கிளம்பும்வரை நின்றவள் அவள்.

"தெனமும் நான்தானடி பஸ் ஏத்தி வுடறேன்" என்றாள் செங்கமலம்.

"ஏறினேன். தண்டலத்துல எறங்கல."

"அப்போ எங்க போன?"

ரஞ்சனி கழுத்திலிருந்த அட்டையைக் கழற்றினாள். அதன் நாடாவைச் சுருட்டிக் கையில் வைத்துக்கொண்டாள். அப்பாவைப் பார்த்தாள். அவன் கண்களைச் சந்தித்ததும் உடனே பார்வையைத் திருப்பிக்கொண்டாள்.

"சொல்றேன்ம்மா. அப்பா வெளிய போவட்டும்."

ரகுபதி உட்கார்ந்த இடத்திலேயே இருந்தான்.

"என்கிட்ட சொல்லக் கூடாதது இன்னாமா?" என்று கேட்டான். செங்கமலம் மகளின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு கணவன் பக்கம் திரும்பாமலே சொன்னாள்.

"போங்க."

அவன் எழுந்து தெருவுக்கு வந்தான். முதல் ஷிஃப்ட் முடிந்து வந்த பையன்கள் டீக்கடையில் சிரித்துப் பேசிக்கொண்டிருந்தார்கள். யாரோ "இன்னா ரகுண்ணே, ட்ரிப்பு இல்லியா?" என்று கேட்டது காதில் விழுந்தது. வேனில் ஏறி உட்கார்ந்து சாவியைப் போட்டான். திருப்பவில்லை.

உள்ளே கதவு சாத்தி, தாழ்ப்பாள் போடும் சத்தம் கேட்டது.